உடம்பு பொது, தலை தனி

அன்று நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

1. காலை ஏழரை. புத்தூரில் என் பட்டறையிலிருந்து மினி லாரியில் ஒரு மனிதன் கிளம்பினான். ஃபைபரில் வார்த்த ஆள். ஆறரை அடி. வைக்கோல் மேல் மல்லாந்து, கழுத்துவரை போர்வை.

2. எட்டு மணி. வழியில் ஒரு டீக்கடையில் லாரி நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்.

3. ஒன்பது மணி. நகரியில் நெசவாளர் சங்கத்தார் கட்டி வைத்திருந்த பீடத்தின் மேல் அவனை நிமிர்த்தினோம்.

4. ஒன்பதே கால். ஒரு காகம் வந்து அவன் தலைமேல் உட்கார்ந்தது.

5. ஒன்பது இருபது. சரோஜா அத்தை வந்தார். காகத்தைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். அது அவருடைய கணவர் எத்திராஜின் தலை.

6. பத்து மணி. சங்கத் தலைவர் தாமோதரன் வந்தார். அவர் சட்டைப் பையில் அவருடைய நைனாவின், அதாவது அப்பாவின், போட்டோ இருந்தது.

7. பதினொரு மணி. பக்கத்துச் சுவர்த் தகராறில் பல வருஷமாக முகம் பார்த்துப் பேசாத அத்தையும் தலைவரும் ஒரே கட்சி ஆனார்கள். உடம்பு இருக்கட்டும், தலை வேண்டாம்.

8. பதினொன்றரை. கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: "தலைய மட்டும் தனியா கழட்ட முடியுமா?"

முடியும். நான்கு போல்ட். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர். ஐந்து நிமிஷ வேலை.

அப்படிக் கழற்றும்படி அந்தச் சிலையைச் செய்தவள் நான்தான்.

மூன்று அச்சுகள்

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலையை ராஜினாமா செய்த இடத்தில் போன வாரம் இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். அதை நான் வீட்டில் சொல்வதற்கு முன் இந்தப் பத்திரிகை சொல்லிவிட்டது என்று அம்மாவுக்கு ஒரு வருத்தம். நான்கு வருஷத்துக்கு முந்தைய ராஜினாமா அது.

அங்கே என் வேலை சுலபமானது. ஒரு உலோகப் பாகம் வரும். அளப்பேன். பாதி மில்லிமீட்டர் விலகியிருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை இதைச் செய்கிறவளுக்கு ராத்திரி கண்ணை மூடினாலும் விலகல்தான் தெரியும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்பது தெரியும். கண்டக்டரின் இடது முழங்கை முழுதாக நீளாது என்பது தெரியும். இவர்களுக்கெல்லாம் யார் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என்று யோசித்துக்கொண்டே சத்தியவேட்டில் இறங்கி வேறு பஸ் மாறுவேன்.

அந்த யோசனையோடுதான் ரேணிகுண்டா சாலையில் கோபால் மேஸ்திரியின் சிலைப் பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். எனக்குக் களிமண் வேலை தெரியும் என்பதற்காக அவர் என்னை எடுத்துக்கொள்ளவில்லை. அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பர் பிடிக்கத் தெரியும் என்பதற்காக எடுத்துக்கொண்டார்.

மேஸ்திரியிடம் மூன்று அச்சுகள் இருந்தன. ஒன்றாம் நம்பர்: நின்று வலது கையைத் தூக்கிக் காட்டுவது. இரண்டாம் நம்பர்: நின்று கும்பிடுவது. மூன்றாம் நம்பர்: நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டங்களிலும் முச்சந்திகளில் நிற்கும் பெரியவர்கள் பலரும் இந்த மூன்றில் ஒன்றுதான். உடம்பை முன்கூட்டியே வார்த்து, தலையில்லாமல் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார். ஆர்டர் வந்ததும் போட்டோவைப் பார்த்துத் தலை மட்டும் செய்து, கழுத்துப் பட்டையில் நான்கு போல்ட் போட்டு முடுக்கி, மேலே பட்டி பூசி, வண்ணம் அடித்தால் தீர்ந்தது.

"பாடி காமன்ம்மா. தலகாய ஒண்ணுதான் ஸ்பெஷல்" என்பார். பட்டறையில் எல்லோருக்கும் அது மந்திரம் மாதிரி. உடம்பு பொது, தலை தனி.

ஒன்றாம் நம்பர் உடம்பின் இடது மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம் உண்டு. அச்சிலேயே இருக்கிறது. அதனால் ஒருவரை ஒருவர் ஆயுள் முழுக்கத் திட்டித் தீர்த்த தலைவர்கள், செத்த பிறகு ஒரே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாக் கடிகாரத்திலும் மணி பத்து பத்து. அந்த ஒரு விஷயத்திலாவது அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

நான் அங்கே மூன்று வருஷம் தலை செய்தேன்.

மொட்டைகளின் கல்லூரி

தலை செய்யக் கற்றுக்கொள்ள நான் எந்தக் கலைக் கல்லூரிக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நோட்டுப் புத்தகத்தோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால் போதும். மலையிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு பஸ்ஸும் நாற்பது மண்டைகளை இறக்கிவிடும். சந்தனம் பூசி, முடி என்ற மறைப்பு இல்லாமல், எலும்பின் வடிவம் அப்படியே தெரிய. நெற்றி எங்கே முடிந்து உச்சி எங்கே தொடங்குகிறது, காதுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன மேடு எவ்வளவு பெரிது, பிடரியில் எத்தனை மடிப்பு. வங்கி மேனேஜரும் வாழைக்காய் வியாபாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் யார் யார் என்று சொல்ல முடியாது. கணவன் மொட்டை அடித்துக்கொண்டு வந்ததும் அடையாளம் தெரியாமல் வேறு ஒருவர் பின்னால் போன ஒரு அம்மாளைக்கூடப் பார்த்திருக்கிறேன். பத்தடி போன பிறகு அவருடைய நடையைப் பார்த்துவிட்டுத்தான், "இவரு இல்ல" என்று திரும்பினார்.

அதை அன்றே குறித்து வைத்தேன். முகத்தில் ஏமாந்தவர் நடையில் ஏமாறவில்லை. ஆனால் அது எதற்கு உதவும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது பங்காருபாளையத்தில். அங்கே ஒரு மாங்காய் மண்டி முதலாளி இறந்துபோனார். குள்ளமான, தொப்பையுள்ள மனிதர். எந்நேரமும் இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் ஒரு மாம்பழத்தை மூக்குக்குக் கொண்டுபோவாராம். மகன்கள் ஒன்றாம் நம்பர் கேட்டார்கள். நான் செய்த தலை நன்றாக வந்திருந்தது. கன்னத்து மச்சம் வரை.

திறப்பு விழாவில் அவர் மனைவியை முன்னால் கூட்டி வந்தார்கள். அந்த அம்மாள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"மூஞ்சி எங்க ஆளு மூஞ்சிதான். கீழ நிக்கறது யாரு?"

நானும் கீழே பார்த்தேன். கையைத் தூக்கி, கடிகாரம் கட்டிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு அந்நியர் அங்கே நின்றார். அந்த வாரமே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் புத்தூருக்கு வந்து, ஒரு தகரக் கொட்டகையில் சொந்தமாக ஆரம்பித்தேன்.

"உடம்பு செய்யப் போறியா? உடம்ப யாரும்மா பாப்பாங்க?" என்று மேஸ்திரி சிரித்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல. மனதாரச் சிரித்தார்.

குறைப் பட்டியல்

நகரி நெசவாளர் சங்கத்துக்கு ஒரு சிலை வேண்டியிருந்தது. பெயர் பெற்ற யாரும் இல்லை. "நெசவாளி" என்று ஒரு சிலை. கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெயரில்லாத ஒரு மனிதனின் உடம்பு! இதற்குத்தானே காத்திருந்தேன்.

மாடலாக எத்திராஜ் மாமாவைப் பிடித்தேன். எங்கள் அம்மாவுக்குத் தூரத்து உறவு. ஐம்பத்தைந்து வயது. பவர்லூமில் முப்பது வருஷத்துக்கு மேல். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, நகரியிலிருந்து பஸ் ஏறிப் புத்தூருக்கு வருவார்.

முதல் நாள் வெள்ளைச் சட்டை, வழித்துச் சீவிய எண்ணெய்த் தலை. கொட்டகையில் நான் போட்டிருந்த மேடையில் ஏறியதும் மார்பை முன்னால் தள்ளி, வலது கையைத் தூக்கினார்.

"மாமா, கையை இறக்குங்க."

"செலைன்னா கைய தூக்க வாணாமா?"

"நீங்க தறியாண்ட எப்பிடி நிப்பீங்களோ அப்பிடி நில்லுங்க."

"நான் எங்க நிக்கறேன்? அது பாட்டுக்கு ஓடுது, நான் பாட்டுக்கு கீறேன்."

மூன்று ஞாயிறு போயிற்று. கையை இறக்கினால் போலீஸ் பரேட் மாதிரி நின்றார். சும்மா நில்லுங்கள் என்றால் கும்பிட்டார். ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் அச்சில் மட்டும் இல்லை, ஆட்களுக்குள்ளேயே இருக்கின்றன என்று அன்றைக்குப் புரிந்தது.

நான்காவது வாரம் நான் நகரிக்குப் போய், அவர் வேலை செய்யும் தறிக்கொட்டகையில் நின்று, போனில் அந்த இரைச்சலைப் பதிவு செய்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறியதும் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் போட்டேன். தடக் தடக் தடக் என்று தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மாமாவின் மார்பு தானாக உள்ளே போனது. வலது தோள் இறங்கியது. தலை முன்னால் நீண்டு, இடப்பக்கம் திரும்பியது. எடை முழுக்க இடது காலுக்குப் போனது. வலது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றை ஒன்று உரச ஆரம்பித்தன. அறுந்த இழையை முடிச்சுப்போடும் விரல்கள் அவை. இழை இல்லாமலே முடிச்சுப் போட்டன.

நான் களிமண்ணைத் தொடவில்லை. முதலில் அளவெடுத்தேன். பழைய பழக்கத்தில் ஒரு தாளில் எழுதினேன்:

1. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்வு.
2. கழுத்து முன்னால் சாய்வு. நிமிர்த்தச் சொன்னால் வலிக்கிறது என்கிறார்.
3. இடது காது மந்தம். வலது காதை முன்னால் கொடுப்பதற்காகத் தலை எப்போதும் இடப்பக்கம்.
4. முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, வலப்பக்கம் மட்டும் கயிறு மாதிரி ஒரு தசை.
5. விரல்கள் ஓய்வதில்லை.

அந்தச் சமயம் பார்த்துத் தலைவர் தாமோதரன் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். முகம் வாடிப்போயிற்று.

"ஒரு ஆளுக்கு இத்தினி டிஃபெக்ட்டாம்மா? நம்ம சங்கத்தில வேற நல்ல பீஸா பாத்து அனுப்பட்டுமா?"

நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். விரல்களை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு, "இது ஏதோ லஞ்சம் கேக்கற மாதிரி கீது, பாத்துக்க" என்றார். களிமண் உருவம் முடிந்தபோதும் வந்து பார்த்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு என் வேலை பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்டு கட்டப் போன ஆள்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தூர் என்றால் எலும்பு முறிவுக்குக் கட்டு கட்டும் ஊர். கை ஒடிந்தவர், கால் பிசகியவர், விழுந்தவர், விழ வைக்கப்பட்டவர் என்று எல்லோரும் இங்கே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். என் கொட்டகை வாசலில் நின்றாலே உடம்பைப் பற்றிப் பாதிப் பாடம் கிடைத்துவிடும். வலிக்கிற இடத்தைக் காப்பாற்ற மற்ற இடமெல்லாம் எப்படி ஒதுங்கி வழி விடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எத்திராஜ் மாமா இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டார். தன்னைப் பார்த்து ஒருத்தி சிலை செய்கிறாள் என்று வீட்டில் சொல்லக் கூச்சம். "தோளு வலிக்கிது, புத்தூர்ல கட்டு கட்டிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு ஐந்து மாதம் வந்திருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது தோளில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாராம். இது எனக்குத் தெரியாது.

சரோஜா அத்தைக்கும் தெரியாது. காகம் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில்தான் தெரிந்தது.

"அஞ்சு மாசம் கட்டு கட்டியும் தோளு ஏறலியேன்னு பாத்தேன்! இங்க பாரு, இதுலயும் ஏறல!" என்று சிலையைக் காட்டினார். கூட்டம் சிரித்தது. மாமா டீக்கடைப் பக்கம் நகரப் பார்த்தார். "எங்க போற? நில்லு! நீயும் நில்லு, அதுவும் நிக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"உயிரோட கீற ஆளுக்கு யாராவது செலை வெப்பாங்களா? மால போடுவாங்க. கற்பூரம் காட்டுவாங்க. தெனிக்கும் காக்கா தலமேல ஒக்காரும். காக்கா தலைல பட்டா இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியாதா? படிச்ச பொண்ணு நீ. எம் புருசன எனக்கு உட்டுடு."

தலைவர் தாமோதரனுக்கு வேறு காரணம். அவர் போட்டோவை வெளியே எடுத்தார். அவருடைய காலம் சென்ற நைனா. ஊரில் அவரை "நூல்கடை நைனா" என்பார்கள். தறியில் ஒரு நாளும் நின்றதில்லை. மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே ஒரு இழை விட்டிருக்கிறது என்று பார்ப்பவர். கண்டுபிடித்தால் மடித்து அப்படியே திருப்பி அனுப்புவார். ஒருவகையில் என் பழைய வேலைதான்.

"நெசவாளின்னா எங்க நைனாதானே? தல அப்பால வரும்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா. எல்லாப் பட்டறயிலயும் அப்பிடித்தான செய்றாங்க? இந்தத் தல சும்மா அளவுக்கு வெச்சது இல்லியா?"

அவர்மேல் பிழை சொல்ல முடியாது. மூன்று வருஷம் மேஸ்திரியிடம் வேலை செய்த என் கை, யோசிக்காமல் தலையைத் தனியாக வார்த்து, கழுத்துப் பட்டை வைத்து, நான்கு போல்ட் போட்டிருந்தது. உடம்புக்காகவே கொட்டகை போட்டவள், முதல் உடம்பிலேயே தலையைக் கழற்ற வசதி செய்து வைத்தேன். ஒரே வார்ப்பாகச் செய்திருந்தால் யாரும் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள்.

முதுகு

தலையை மாற்ற முடியாது என்றேன். தலைவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் கோபால் மேஸ்திரியின் குரல், தெலுங்கு கலந்து, நல்ல உற்சாகத்தில்:

"ஒன்றாம் நம்பர் ரெடியா உந்தி சார்! தலகாய மட்டும் ரெண்டு நாளு. பாப்பாவ டென்ஷன் ஆவ வேணான்னு சொல்லுங்க."

ஆக, கணக்கு இதுதான். நான் தலையை மாற்றாவிட்டால் உடம்பும் இறங்கும். அந்த இடத்தில் கடிகாரம் கட்டிய கை ஒன்று, பத்து பத்துக்கு, பஸ் நிலையத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்கும்.

நான் மாமாவைத் தேடினேன். அவர் எல்லோரையும் விட்டுவிட்டுச் சிலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் வந்தது இடது காதுப் பக்கம். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன்.

"மாமா, என்ன செய்யட்டும்? தலையை எடுத்துட்டா அது நீங்க இல்லைன்னு ஆயிடும்."

அவர் விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

"மூஞ்சிய தெனிக்கும் கண்ணாடில பாக்கறேன்" என்றார். "முதுக இன்னிக்கித்தான் பாக்கறேன். இவ்ளோ நாளா இத்தினி பாரமா தூக்கிக்கினு கீது அது, எனக்கே தெரியல பாரு." பிறகு, "தலைய குடுத்துடு. முதுகு நிக்கட்டும். அவளுக்கும் பயம் போவும்" என்றார்.

நான் முன்பக்கம் போய், ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். தலையை நான்தான் செய்வேன். உடம்பை யாரும் தொடக்கூடாது. தோளை ஏற்றக்கூடாது, விரலை மடக்கக்கூடாது, கடிகாரம் கட்டக்கூடாது.

"உடம்புல யாருக்கும்மா ஆட்சேபம்?" என்றார் தலைவர் தாராளமாக.

நைனா வானம் பார்த்த கதை

நூல்கடை நைனாவின் தலையை மூன்று வாரத்தில் முடித்தேன். நல்ல தலை. அதைப் பொருத்திய அன்று ஒரு சிக்கல் வந்தது. சிக்கல் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை.

எத்திராஜ் மாமாவின் கழுத்து முன்னால் சாய்ந்து இடப்பக்கம் திரும்பியது. கழுத்துப் பட்டையும் அதே சாய்வில்தான் வெட்டியிருக்கிறது. அதன்மேல் யார் தலையை வைத்தாலும் அது குனிந்து, திரும்பி, அறுந்த இழையைத் தேடும்.

"நைனா தல நிமிந்து இருக்கணும்மா" என்றார் தலைவர். "அவரு யாருக்கும் குனிஞ்சது இல்ல."

சரி என்று கழுத்துக்கடியில் ஒரு தெர்மகோல் ஆப்பு வைத்து நிமிர்த்திக் காட்டினேன். நைனா வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று பார்ப்பவர் மாதிரி. சங்கத்தின் பொருளாளர் தன்னையறியாமல் தானும் மேலே பார்த்தார்.

ஆப்பைக் கொஞ்சம் குறைத்தேன். இப்போது நைனா, யாரோ கூப்பிட்டது காதில் விழாத மாதிரி நடிப்பவர் ஆனார்.

"இதுகூட நைனா செய்வாருதான்" என்றார் பொருளாளர்.

தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆப்பை எடுத்துவிடச் சொன்னார். நைனா குனிந்தார். ஆயுளில் முதல் தடவையாகத் தறிக்கு முன்னால் நின்றார்.

திறப்பு

சிலையின் முகம் பெரிய சாலையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று தலைவர் முன்பே சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். அப்படி நிறுத்தினால் அதன் முதுகு தறிக்காரத் தெருக்களைப் பார்க்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

துணி விலகியது. முன்பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். மாலை விழுந்தது, கற்பூரம் காட்டினார்கள். சரோஜா அத்தை தூரத்தில் நின்று, மாலை யார் கழுத்தில் விழுகிறது என்று உறுதி செய்துகொண்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

அப்போது காலை ஷிப்ட் முடிந்தது. தறிக்கொட்டகைகளிலிருந்து ஆட்கள் சின்னத் தெரு வழியாக வந்தார்கள். அவர்களுக்கு முதலில் தெரிந்தது முதுகு. ஒருவர் நின்றார். பின்னால் வந்தவர் அவர்மேல் மோதி நின்றார்.

"எத்திராஜ் மாமோவ்! மேல இன்னா பண்ற?"

"டேய், மாமா தோ இங்க கீறாரு!"

"அப்ப அது யாரு?"

முன்னால் போய் முகத்தைப் பார்த்தார்கள். திரும்பப் பின்னால் வந்து முதுகைப் பார்த்தார்கள். ஒருவர் மாமாவைப் பிடித்துத் திருப்பிச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மாமா கூச்சத்தில் மார்பை முன்னால் தள்ளி நிமிர்ந்தார்.

"அட நிமிராத மாமா! கெட்டுப்போவுது!"

கூட்டம் முழுக்கப் பின்பக்கம் வந்துவிட்டது. முன்பக்கம் தலைவரும் மைக்கும் மட்டும் இருந்தார்கள். மேஸ்திரியும் வந்திருந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். மேலே ஏறி, போல்ட்டைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், "தலகாய பரவால்ல" என்றார். அவர் "பாடி காமன்" என்று சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரம் கழித்து நான் பட்டி விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். காலை பத்து மணி. சின்னத் தெரு வழியாகச் சரோஜா அத்தை கீரைக்கட்டோடு வந்தார். ஏதோ யோசனை. தலை நிமிராமல் வந்தவர், சட்டென்று மேலே பார்த்து, நல்ல உரக்கக் கத்தினார்:

"சோறு ஆறிப் போவுது, வூட்டுக்கு வராம இங்க இன்னா நின்னுக்கினு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

தெருவில் யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பினார். நான் பார்த்துவிட்டேன். அவர் என்னையும் பார்த்துவிட்டார். கீரைக்கட்டைக் கை மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த முதுகைப் பார்த்தோம். மேலே ஒரு காகம் நூல்கடை நைனாவின் தலையில் வந்து உட்கார்ந்தது. அத்தை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"தோள மட்டும் கொஞ்சம் தூக்கி வெச்சிருக்கலாம்" என்றார். "பாவம்."

இன்றைய நிலவரம்

உடம்பு நகரியில், சித்தூர் மாவட்டத்தில் நிற்கிறது. கீழே கல்வெட்டில் நைனாவின் பெயர் இருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தை "எத்திராஜ் முதுகு" என்கிறார்கள்.

தலை புத்தூரில், திருப்பதி மாவட்டத்தில், என் கொட்டகை அலமாரியில் இருக்கிறது. அத்தைக்குத் தெரியும். காகம் வராத இடம் என்பதால் ஆட்சேபம் இல்லை.

எத்திராஜ் மாமா இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். தோள் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்கு வருகிறார். இப்போது உண்மையிலேயே கட்டு கட்டிக்கொள்ள.

நான் அடுத்த உருவத்தை ஆரம்பித்திருக்கிறேன். ஒரே வார்ப்பு. போல்ட் இல்லை.